பாடசாலை வேன்: கணக்கில் எழுதப்படாத செலவு

கல்முனை பஸாரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு, ஊரில் எந்த வாகனத்தின் பிரேக் பிடிக்கும், எது பிடிக்காது என்பது ஓரளவு தெரியும். யார் என்ன வாங்கினார் என்பதை விட, யார் எதற்கு விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனார் என்பதில்தான் அந்தச் செய்தி இருக்கிறது.

கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தம்பி கடைக்கு வந்தார். பாடசாலை வேன் ஓட்டுபவர். முன் சக்கரங்களுக்குரிய பிரேக் பேட், பின் சக்கரங்களுக்குரிய பிரேக் சூ இரண்டுக்கும் விலை கேட்டார். சொன்னேன். சற்று யோசித்தார்.

"முன்னுக்கு மட்டும் தாங்க காக்கா. பின்னுக்கு அடுத்த மாசம் போடுவம். இன்னும் புடிக்குதுதானே."

"எத்தின புள்ளயல் ஏத்துறீங்க தம்பி?"

"காலையில இருபத்திமூணு."

அவருடைய வேனில் சாரதியையும் சேர்த்துப் பதினைந்து ஆசனங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க, ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன். அன்று இருவரும் ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்ட கணக்கைத்தான் இந்த வாரம் வியாபார சகோதரர்களுக்கு முன் வைக்கிறேன். பாடசாலை வேன் தொழில் சிறு தொழில்தான். ஆனால் நம் எல்லோருடைய பிள்ளைகளும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

நானும் ஓட்டியவன்தான்

இத்தொழிலைப் பற்றி எழுத எனக்குச் சிறிது உரிமை உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி வரை எனக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கடை இருந்தது. அன்றைய கடல் பேரலையில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள். மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோரத்தில் கண்ணீர் விடாத வீடு இல்லை. என் குடும்பத்தை அல்லாஹ் காப்பாற்றினான். கடை போயிற்று.

2005 இல் உறவினர்கள் கைகொடுக்க ஒரு பழைய வேன் வாங்கினேன். அப்போது அதற்குத் தேவை இருந்தது. கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்த காலம் அது. கரையில் இருந்த குடும்பங்கள் உள்ளே நகர்ந்தன. சாய்ந்தமருது வொலிவேரியன் கிராமம் போன்ற புதிய குடியிருப்புகள் பின்னர் எழுந்தன. வீடு மாறியது, பாடசாலை மாறவில்லை. முன்பு நடந்து போன பிள்ளைகளுக்கு இப்போது வாகனம் வேண்டியிருந்தது. இப்படித்தான் நம் ஊர்களில் பலர் வேன்காரர்களும் ஓட்டோக்காரர்களும் ஆனார்கள். மூன்று வருடம் ஓட்டினேன். வேனில் எது எப்போது உடையும் என்பதைக் கைக்காசு கொடுத்துப் படித்த பிறகுதான் உதிரிப்பாகக் கடை போட்டேன்.

பார்ப்பவர்களுக்கு இது இலேசான தொழில். காலையில் ஒன்றரை மணித்தியாலம், பகலில் இரண்டு மணித்தியாலம், மிச்ச நேரம் மரநிழல் என்று நினைப்பார்கள். ஸுபஹ் தொழுத கையோடு வேனைக் கழுவி எடுக்க வேண்டும். பாடசாலை 7.30க்குத் தொடங்கும். அதற்கு முன் பத்துப் பதினைந்து ஒழுங்கைகளில் நிற்க வேண்டும். ஒரு வீட்டில் பிள்ளை சப்பாத்தைத் தேடும். ஒரு வீட்டில் உம்மா தலை பின்னிக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில் இரண்டு நிமிடம் போனால் கடைசி வீட்டுப் பிள்ளைக்குப் பாடசாலைக் கதவு மூடிவிடும். அந்த இரண்டு நிமிடத்தைப் பிரதான வீதியில்தான் பிடிக்க வேண்டும். வேகம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள், முதலில் தம் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும்.

பகலில் சின்ன வகுப்புகள் முன்னதாக விடும், பெரிய வகுப்புகள் 1.30க்கு விடும். ஆகவே போவது ஒரு தடவை, வருவது இரண்டு தடவை. டீசல் இரண்டு தடவைக்கும் எரியும். கட்டணம் ஒன்றுதான்.

பில் புத்தகத்தின் பின்பக்கம்

இப்போது கணக்குக்கு வருவோம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிள்ளைகள் சிறியவர்கள் என்பதால் நெருக்கமின்றிப் பதினெட்டுப் பேர் ஏற்றுவதாக வைப்போம். ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். மாத வரவு 72,000 ரூபாய்.

நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர், மாதம் 20 பாடசாலை நாட்கள், மொத்தம் 800 கிலோமீற்றர். நிறுத்தி நிறுத்தி ஓடும் பழைய வேன் லீற்றருக்கு 8 கிலோமீற்றர்தான் கொடுக்கும். ஆகவே 100 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் டீசலுக்கு 30,000 ரூபாய். மிச்சம் 42,000. பெரும்பாலான சாரதிகள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். "மாசம் நாப்பதாயிரத்துக்கு மேல மிஞ்சுது" என்று சொல்லும் போது அவர்கள் பொய் சொல்வதில்லை. கையில் அப்படித்தான் நிற்கிறது.

ஆனால் டயர் தேய்கிறது. பிரேக் தேய்கிறது. ஒயில் மாற்ற வேண்டும். இவற்றுக்கு மாதம் 8,000 ரூபாய் ஒதுக்குவோம். காப்புறுதி, வாகன வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 60,000 ரூபாய். இன்ஜின் ஒருநாள் இறக்க வேண்டி வரும், வேனையும் ஒருநாள் மாற்ற வேண்டி வரும். அதற்காக மாதம் 8,000 ரூபாய், இது பன்னிரண்டு மாதமும்.

வரவோ பன்னிரண்டு மாதம் இல்லை. விடுமுறைகளைக் கழித்தால் பத்து மாதம் என்று வைப்போம். வருட வரவு 7,20,000 ரூபாய். செலவு: டீசல் 3,00,000, தேய்மானமும் திருத்தமும் 80,000, காப்புறுதி முதலியன 60,000, பெரிய திருத்த நிதி 96,000. கூட்டினால் 5,36,000. மிச்சம் 1,84,000 ரூபாய். பன்னிரண்டால் பிரித்தால் மாதம் பதினையாயிரத்துச் சொச்சம்! ஸுபஹ் முதல் ளுஹர் கழியும் வரை, இருபது பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பாக நிற்பவனின் கூலி இது. லீசிங் தவணை இருந்தால் அதுவும் இல்லை.

தம்பி பேனையை வாங்கி மீண்டும் கூட்டிப் பார்த்தார். பிழை இல்லை.

ஐந்து பிள்ளைகள்தான் சம்பளம்

இப்போது ஐந்து பிள்ளைகளை மேலதிகமாக ஏற்றிப் பாருங்கள். பதினெட்டு இருபத்திமூன்றாகிறது. டீசல் ஏறக்குறைய அதேதான், காப்புறுதியும் அதேதான். ஆனால் வருட வரவில் 2,00,000 ரூபாய் கூடுகிறது. 1,84,000 என்பது 3,84,000 ஆகிறது. அதாவது, இடமில்லாத இடத்தில் நிற்க வைக்கப்படும் அந்த ஐந்து பிள்ளைகள்தான் சாரதியின் சம்பளத்தைக் கொண்டு வருகிறார்கள். ஓட்டோவில் மூன்று பயணிகளைத்தான் ஏற்றலாம் என்பது சட்டம். ஏழு எட்டுப் பிள்ளைகள் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். அங்கேயும் இதே கணக்குத்தான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பதினெட்டுப் பிள்ளைகளே போதும், கட்டணத்தை 5,000 ரூபாயாக்குவோம். வருடத்துக்கு 1,80,000 ரூபாய் கூடுகிறது. ஏறக்குறைய அதே தொகை. ஒரு பெற்றாருக்கு இது எவ்வளவு? மாதம் 1,000 ரூபாய். பாடசாலை நாளொன்றுக்கு 50 ரூபாய். பிள்ளை நெருக்கமின்றி உட்கார்ந்து போவதற்கான விலை அவ்வளவுதான்.

இந்த 50 ரூபாயை யார் தர மறுக்கிறோம்? வசதியற்ற ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் 50 ரூபாய் பெரிய காசுதான். அவரைப் பற்றி நான் பேசவில்லை. பஸாரில் கடை வைத்திருக்கும் நம்மைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் ஓட்டிய காலத்தில் மாதக் கட்டணத்தை 5 ஆம் திகதிக்கு முன் தந்தவர்களில் பலர் சம்பளக்காரர்கள். 20 ஆம் திகதி வரை இழுத்தடித்தவர்களில் பலர் முதலாளிகள். "காசு எங்க போகப் போகுது" என்பார்கள். காசு எங்கும் போகவில்லை. எனது டயர்தான் போயிற்று.

கட்டணம் போதாத சாரதி வேறு ஹயருக்குப் போகிறார். நம் ஊரில் நல்ல ஹயர் என்றால் அது கட்டுநாயக்க விமான நிலையம். வெளிநாட்டுக்குப் போகிறவர், உம்ராவுக்குப் போகிறவர், வருகிறவரை ஏற்றப் போகும் குடும்பம். இரவெல்லாம் ஓடி, திரும்பவும் ஓடி, விடியற்காலையில் கல்முனைக்கு வந்து, முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளை ஏற்றப் போகிறார்கள். நானும் அப்படிப் போயிருக்கிறேன். பெரியநீலாவணை தாண்டும் போது ஒருநாள் கண் மூடித் திறந்ததில் வேன் வீதியின் வலப்பக்கத்தில் இருந்தது. எதிரே வாகனம் வராதது என்னுடைய திறமை அல்ல.

விடுமுறையும் வெளியிலிருந்து வரும் அடிகளும்

இத்தொழிலின் இன்னொரு சிக்கல் விடுமுறை மாதம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு றமழானில் விடுமுறை. வீட்டில் நோன்புக்கும் பெருநாளுக்கும் செலவு கூடும் மாதத்தில் சாரதிக்கு வரவு நின்றுவிடுகிறது. முஸ்லிம் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை இரண்டுக்கும் பிள்ளைகளை ஏற்றுகின்றவருக்கு வேறு கஷ்டம். ஒரு பாடசாலை மூடியிருக்கும், மற்றது திறந்திருக்கும். பாதிப் பிள்ளைகளுடன் முழுத் தூரமும் ஓட வேண்டும்.

அதற்கு மேல் வெளியிலிருந்து விழும் அடிகள். என் காலத்தில் அது ஹர்த்தாலும் சோதனைச் சாவடியும். பிறகு வந்தவர்கள் அதை விடப் பெரியதைக் கண்டார்கள். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்ட போது வேன்காரரின் வரவு ஒரே நாளில் பூச்சியமாயிற்று. வேனின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு மரக்கறியும் மீனும் விற்றவர்களை நான் அறிவேன். லீசிங் தவணைகளுக்கு ஆறு மாத அவகாசம் வழங்கப்பட்டது. ஆனால் அவகாசம் என்பது தள்ளுபடி அல்ல. கட்டாத காசு முன்னால் போய்க் காத்திருந்தது.

மூச்சு விடுவதற்குள் 2022 வந்தது. 2021 டிசம்பர் இறுதியில் ஒரு லீற்றர் ஓட்டோ டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் 26 இல் அது 460 ரூபாய். ஆறு மாதத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு. அந்த விலைக்கும் டீசல் இல்லை. வரிசையில் இரண்டு இரவு படுத்தவர்கள் உண்டு. அந்த ஜூலையில் கியூஆர் முறை வந்த போது வேனுக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்தது. நமது கணக்கின்படி தேவையோ வாரம் 25 லீற்றர். அக்காலத்தில் கட்டணத்தைக் கூட்டிக் கொடுத்த பெற்றார் இருந்தார்கள். பிள்ளையை நிறுத்திவிட்டுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இரு தரப்பையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பெற்றாருடன் முன்கூட்டியே எழுத்தில் பேசி வைத்திருந்த சாரதிகள் அந்த வருடத்தைத் தாண்டினார்கள். வாய்ப்பேச்சில் ஓடியவர்களில் பலர் வேனை விற்றார்கள்.

ஓடாமல் நிற்கும் உரிமை

2024 நவம்பர் 26 ஆம் திகதியை நம் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். காரைதீவு – அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் வெள்ளம் வீதிக்கு மேலால் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூரிலிருந்து சம்மாந்துறையிலுள்ள வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் உட்பட எட்டுப் பேரின் ஜனாஸாக்கள் அடுத்தடுத்த நாட்களில் மீட்கப்பட்டன. யாருடைய பிழை என்று எழுத நான் வரவில்லை. அது நீதிமன்றத்தின் வேலை.

ஆனால் வாகனம் ஓட்டியவன் என்ற வகையில் ஒன்று சொல்வேன். "இன்று போகமாட்டேன்" என்று சொல்வதுதான் இத்தொழிலில் ஆகக் கஷ்டமான வேலை. வெள்ளம் ஓடும் போது பிள்ளைகளும் வீட்டுக்குப் போகத் துடிப்பார்கள், பெற்றாரும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் "முடியாது" என்று சொல்லும் சாரதிக்கு அன்றைய கூலி வெட்டப்படக் கூடாது, அடுத்த மாதம் பிள்ளை வேறு வேனுக்கு மாற்றப்படவும் கூடாது. நாட்கூலியாகக் கணக்குப் பார்க்காமல் மாதக் கட்டணமாகக் கொடுப்பதன் ஒரு பயன் இதுதான். ஓடாமல் நிற்பதற்கும் நாம்தான் விலை கொடுக்க வேண்டும்.

வெளியுலகில் இவ்வகையான துயரங்களுக்குப் பிறகுதான் ஒழுங்குகள் வந்திருக்கின்றன. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 2012 ஜூலை 25 இல் இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் பாடசாலை பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டையினூடாக வீதியில் விழுந்து உயிரிழந்தார். அந்த பஸ்ஸிடம் தகுதிச் சான்றிதழ் இருந்தது. உயர் நீதிமன்றம் தானாகவே அந்த விடயத்தைக் கையில் எடுத்தது. அதே வருடம் பாடசாலை பஸ்களுக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. காகிதம் சரியாக இருந்தால் வாகனம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை என்பதை அந்த ஓட்டை காட்டியது.

அமெரிக்காவின் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்ஸைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 1930களில் அங்கும் பிள்ளைகள் கண்ட கண்ட வாகனங்களில்தான் போனார்கள். கோதுமை ஏற்றும் குதிரை வண்டியிலும் போனார்கள். பிராங்க் சைர் என்ற பேராசிரியர் இதனை ஆராய்ந்து, 1939 இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பஸ்ஸின் நீளம், உயரம், நடுவழியின் அகலம் என்று 44 தரங்கள் அங்கு வகுக்கப்பட்டன. விடியற்கால மங்கலிலும் கறுப்பு எழுத்துத் தெளிவாகத் தெரியும் என்பதற்காகவே மஞ்சள் தெரிவு செய்யப்பட்டது. பணக்கார நாடு என்பதால் வந்ததல்ல அது. சம்பந்தப்பட்டவர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்ததால் வந்தது. நம் ஊரிலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் இருக்கிறது, பள்ளிவாசல் நிருவாகம் இருக்கிறது, வர்த்தக சங்கம் இருக்கிறது. மேசைக்குப் பஞ்சமில்லை.

இதுவரை எழுதாத ஒன்று

தம்பிக்கு அன்று நான் சொன்ன விடயம் ஒன்றை இங்கே எழுதத் தயங்கினேன். எழுதுவதுதான் சரி என்று பட்டது.

2006 ஆம் வருடம். சின்ன வகுப்புப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, வேனை நிறுத்திப் பூட்டிக்கொண்டு ளுஹர் தொழப் போனேன். முந்திய இரவு விமான நிலைய ஹயர். தொழுதுவிட்டு வெளியே வரும் போது தொலைபேசி அடித்தது. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றின் உம்மா.

"காக்கா, மகன் இன்னும் வரல்லியே?"

"இறக்கிட்டேனே ராத்தா" என்றேன். சொல்லும் போதே எனக்கு நிச்சயமில்லை. அந்த வாசலில் வழமையாக மூன்று பிள்ளைகள் இறங்குவார்கள். கதவு திறந்தது, மூடியது. எத்தனை பேர் இறங்கினார்கள் என்று நான் பார்க்கவில்லை.

வேனுக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. கடைசி ஆசனத்துக்குக் கீழே, புத்தகப்பையைத் தலைக்கு வைத்தபடி பிள்ளை கிடந்தான். உடுப்பெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. அழுது அழுது குரல் போயிருந்தது. தண்ணீர் கொடுத்து, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உள்ளே இருந்தது அரை மணித்தியாலம் கூட இருக்காது. இன்னும் அரை மணித்தியாலம் ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இன்றும் சில இரவுகளில் நினைப்பு வரும். நம் கரையோரத்து மதிய வெயிலில் பூட்டிய வேனுக்குள் கையை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

பிள்ளையின் வாப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "அல்லாஹ் காப்பாத்தினான். நாளைக்கும் நீங்கதான் வரணும்" என்றார். அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் மிச்சக் காலம் ஓட்டினேன். இரவு ஹயரை அன்றோடு நிறுத்தினேன். வேனைப் பூட்டுவதற்கு முன் பின் ஆசனம் வரை நடந்து போய், குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். ஒருநாளும் தவறவிடவில்லை.

எல்லோருக்கும் அந்த அவகாசம் கிடைப்பதில்லை. கத்தாரின் அல் வக்ராவில் 2022 செப்டெம்பர் 11 இல் நான்கு வயதுப் பெண்பிள்ளை ஒன்று பாடசாலை பஸ்ஸுக்குள் தூங்கிப்போய், பூட்டப்பட்டு, வெப்பத்தில் உயிரிழந்தது. குளிரூட்டிய பஸ்ஸும் பெரிய நிர்வாகமும் உள்ள நாட்டில் நடந்தது அது. குறைந்திருந்தது ஒரு மனிதன் பின் ஆசனம் வரை நடப்பது மட்டும்தான்.

செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் எதுவும் என்னிடம் இல்லை. நாளைக்கே செய்யக்கூடிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

சாரதிகளுக்கு: பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை முன் ஆசனத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள். ஏறும் போது எண்ணுங்கள், இறங்கும் போதும் எண்ணுங்கள். பூட்டுவதற்கு முன் பின் ஆசனம் வரை போங்கள். வருடத் தொடக்கத்தில் ஒரு கடதாசியில் எழுதி, பெற்றாரிடம் கையொப்பம் வாங்குங்கள்: கட்டணம் எவ்வளவு, எந்தத் திகதிக்குள், விடுமுறை மாதத்தில் அரைக் கட்டணம், டீசல் விலை பெரிதாக மாறினால் மீண்டும் பேசுவது, வெள்ளத்திலும் புயலிலும் ஓடுவதில்லை. இரண்டு விடுமுறை மாதங்களுக்கு அரைக் கட்டணம் கிடைத்தால் மேலே போட்ட கணக்கில் 72,000 ரூபாய் கூடும். அதோடு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் உள்ள இன்னொருவரை இப்போதே பேசி வையுங்கள்.

கட்டணம் கைக்கு வந்த அன்றே திருத்தச் செலவுக்குரியதைத் தனியே எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவுப் பையில் போட்ட டயர்க் காசு திரும்பி வராது. ஒரே பாடசாலைக்கு ஓடும் பத்துப் பேர் சேர்ந்து வட்டியில்லாத சீட்டு ஒன்றைப் போடலாம். ஒருவருடைய இன்ஜின் இறங்கும் மாதத்தில் சீட்டை அவருக்குக் கொடுக்கலாம். பைனான்ஸ் கம்பனிக்கு ஓட வேண்டிய அவசரத்தில் பாதி அதிலேயே குறைந்துவிடும்.

பெற்றாருக்கு: பிள்ளையை வாசலில் தயாராக நிறுத்துங்கள். கட்டணத்தை 5 ஆம் திகதிக்குள் கொடுங்கள். மாதம் ஒருமுறை வேனுக்குள் எட்டிப் பாருங்கள். எத்தனை பிள்ளைகள், கதவு சரியாகப் பூட்டுகிறதா, டயரில் பூ இருக்கிறதா என்று பாருங்கள். பார்த்துவிட்டு மலிவான இன்னொரு வேனைத் தேடாதீர்கள். சாரதியுடன் பேசுங்கள். பிள்ளை வராத நாளில் காலையிலேயே தொலைபேசியில் சொல்லுங்கள். வீடு வர வேண்டிய நேரத்துக்குப் பத்து நிமிடம் கழிந்தால் வெட்கப்படாமல் அழைத்துக் கேளுங்கள். அந்த ராத்தா அன்று அழைத்திருக்காவிட்டால் நான் இந்தப் பந்தியை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

வியாபாரிகளுக்கு: உங்கள் கடைக்குச் சரக்கு ஏற்ற வேன் பிடிக்கும் போது, பாடசாலை வேனுக்குப் பத்து மணி முதல் பதினொரு மணி வரையுள்ள சும்மா நேரத்தைக் கொடுங்கள். அதற்கு ஒரு நிலையான மாதத் தொகையைப் பேசுங்கள். பகலில் ஒரு வரவு இருந்தால் அவர் இரவில் கட்டுநாயக்கவுக்கு ஓட மாட்டார். உதிரிப்பாகம், டயர் விற்பவர்களும் கராஜ் வைத்திருப்பவர்களும் எதற்குக் கடன் கொடுப்பது என்பதைச் சிந்திக்க வேண்டும். செட்டுக்கும் சோடனை லைட்டுக்கும் கடன் கொடுத்துவிட்டு, பிரேக்குக்குக் காசு கேட்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

அன்று பின்னேரம் தம்பிக்கு நான்கு சக்கரங்களுக்குமான பிரேக் சாமான்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று மாதத் தவணை, விலையில் ஒரு சதமும் கூடாது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் எந்த வாகனத்துக்கும், பிரேக்குக்கும் டயருக்கும் இனி என் கடையில் இதுதான் முறை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். அடுத்த தவணையில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, கட்டணத்தைக் கூட்டி, பெற்றாரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். தேவைப்பட்டால் நானும் வருகிறேன் என்றேன்.

"கூட்டினா புள்ளயல நிப்பாட்டிருவாங்க காக்கா" என்றார்.

"ரெண்டு மூணு பேர் நிப்பாட்டுவாங்க. அதுக்குத்தானே குறைக்கச் சொல்றேன்" என்றேன்.

சிரித்தார். சாமானை எடுத்துக்கொண்டு போனார். முதல் தவணையை இம்மாதம் 7 ஆம் திகதி கொண்டு வந்து தந்தார். பெற்றாரில் பதினாறு பேர் புதிய கட்டணத்துக்கு உடன்பட்டிருக்கிறார்கள். ஐந்து பேர் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேர் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவர் பஸாரில் என் கடைக்கு நான்கு கடை தள்ளி இருக்கிறார். அவர் இந்தப் பத்தியை வாசிப்பவர். இன்ஷா அல்லாஹ், இந்த வாரம் பதில் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்கிறேன்.